மைஎஸ்கியூஎல்-க்குப் பின்னால் ஒரு ‘ஐ’ சேர்த்தால் போதுமா?

ஜனவரி 8, கேள்வி

அண்ணா, எங்கள் ஊர் நூலகத்துக்கு 2011-இல் ஒருவர் பிஎச்பி மொழியில் எழுதிக்கொடுத்த புத்தகப் பட்டியல் ஸ்கிரிப்ட் இருக்கிறது, தகவல்கள் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பி 8-க்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து வெறும் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. மைஎஸ்கியூஎல்_க்வெரி என்று வரும் இடத்திலெல்லாம் ஒரு ‘ஐ’ சேர்த்து மைஎஸ்கியூஎல்ஐ_க்வெரி ஆக்கிவிட்டால் ஓடிவிடும் என்கிறார் நண்பர். அவ்வளவுதானா?

ஜனவரி 8, இரவு

அவ்வளவு இல்லை. ‘ஐ’ மட்டும் சேர்த்தால் ஓடவே ஓடாது. பழைய ஃபங்ஷனுக்குக் க்வெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வியை, கொடுத்தால் போதும், கடைசியாகத் திறந்த கனெக்ஷனை அதுவே எடுத்துக்கொள்ளும். ‘ஐ’ வைத்ததில் கனெக்ஷன் கட்டாயம், அதுவும் முதலில் வர வேண்டும், க்வெரி இரண்டாவது. மேற்கோள் குறிக்கு முன்னால் சாய்கோடு போட்டு எஸ்கேப் செய்கிற ஃபங்ஷனிலும் இதே இடமாற்றம். மைஎஸ்கியூஎல்_ரிசல்ட் என்று ஒன்று இருந்ததே, அதற்கு நேர் மாற்று ‘ஐ’ பக்கம் கிடையாது. ஆகவே ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

வெள்ளைப் பக்கம் வந்தால் முதலில் எரர் லாகைத் திறந்து பாருங்கள். ‘அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். 2013-இல் பிஎச்பி 5.5 பதிப்பு வந்தபோதே இந்தப் பழைய ஃபங்ஷன்களைக் கைவிடப் போகிறோம் என்று எச்சரிக்கை கொடுத்தார்கள், 2015 டிசம்பரில் 7.0 வந்தபோது எடுத்தே விட்டார்கள். உங்கள் ஹோஸ்டிங்காரர் இத்தனை வருஷம் பழையதை வைத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

ஜனவரி 9

‘ஐ’-யா, பிடிஓ-வா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிஓ என்பது டேட்டாபேஸோடு பேச பிஎச்பியில் உள்ள இன்னொரு வழி. ‘ஐ’ 2004-இல் பிஎச்பி 5.0-உடன் வந்தது. பிடிஓ அடுத்த வருஷம் 5.1-உடன் வந்தது. நான் பிடிஓ கட்சி. மதிப்புகளை ஒரு அரேயில் வைத்து நேராகக் கொடுத்துவிடலாம், கேள்விக்குறிக்குப் பதில் பெயரும் வைக்கலாம். ‘ஐ’-யில் இது சரம் (எழுத்துத் தொடர்), இது எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைச் சொல்லி பைண்ட் செய்து, அப்புறம் எக்ஸிக்யூட் செய்ய வேண்டும். பத்து ஃபீல்டு உள்ள படிவத்துக்கு அந்த எழுத்துகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும்.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொன்னது பழைய நியாயம். 8.1-இல் ‘ஐ’-யும் எக்ஸிக்யூட்டிலேயே அரேயை வாங்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. 8.2-இல் தயாரிப்பது, மதிப்பு கொடுப்பது, ஓட்டுவது மூன்றையும் ஒரே அழைப்பில் முடிக்கும் எக்ஸிக்யூட்_க்வெரி வந்துவிட்டது. எனவே பிடிஓ-தான் எளிது என்கிற வாதம் பாதி காலி. எதில் கை பழகியிருக்கிறதோ அதை எடுங்கள். இதில் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் எழுதுவதை விட்டு ரொம்ப நாள் ஆனவர்கள்.

ஜனவரி 10

தேடல் பக்கத்தின் நிரல் வரிகளை ஒட்டியிருக்கிறீர்கள். பார்த்தேன். முதலில் அந்தக் கனெக்ஷன் வரியை இங்கிருந்து அழியுங்கள், பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறது. அழித்தால் மட்டும் போதாது, பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தேடல் பெட்டியில் ஒருவர் அடிக்கிற சொல்லை எடுத்து, இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் போட்டு, க்வெரிக்குள் நேராக ஒட்டியிருக்கிறார் ஸ்கிரிப்டை எழுதிய அந்த மனிதர். உங்கள் உண்மையான பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ‘ஐ’ வந்தாலும் பிடிஓ வந்தாலும் இந்த ஒட்டு வேலை தொடர்ந்தால் ஒன்றுமே மாறவில்லை என்றுதான் அர்த்தம்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியின் கட்டண ஸ்கிரிப்டைச் சரி பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சில பிள்ளைகளுக்கு மட்டும் ரசீது பதிவாகவே இல்லை என்று புகார். எந்தப் பிள்ளைகள் என்று பட்டியல் எடுத்துப் பார்த்தால் எல்லாம் டி'குரூஸ், டி'சில்வா. அந்தக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வருகிற பெயர்கள் அவை. ஆங்கிலத்தில் அடிக்கும்போது நடுவில் அந்த மேற்கோள் குறி வருகிறது. க்வெரியில் பெயர் ‘டி’-யோடு முடிந்துவிட்டது, மிச்சமிருக்கும் ‘குரூஸ்’ எஸ்கியூஎல் கட்டளையாகிவிட்டது, டேட்டாபேஸ் புரியவில்லை என்று திருப்பி அனுப்பியது. எழுதியவர் எரர் காட்டக்கூடாது என்று ஃபங்ஷனுக்கு முன்னால் அட் குறி (@) வேறு போட்டு வைத்திருந்தார். அதனால் திரையில் ‘பதிவானது, நன்றி’ என்றே வந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் இருந்த அம்மா இதைத் தானாகவே கண்டுபிடித்து, குறியை விட்டுவிட்டுப் பெயரை அடிக்க ஆரம்பித்திருந்தார். வேலை நடந்தது. ஆனால் பாதிப் பிள்ளைகளுக்கு ரசீதில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர்.

அந்தப் பிள்ளைகள் யாரும் திருடர்கள் இல்லை, தங்கள் பெயரைத்தான் எழுதினார்கள். அதே சந்தில் வேண்டுமென்றே நுழைகிறவனுக்கு எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் செய்கிறவன் என்று பெயர்.

ஜனவரி 10, இரவு

இன்னொரு வாசகர், “இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் செய்கிறார்கள்” என்கிறார். பழைய கதைதான். 1998 டிசம்பரிலேயே ஃப்ராக் என்கிற ஹேக்கர்கள் இதழில் இதை விளக்கி எழுதிவிட்டார்கள். அதற்குப் பதினேழு வருஷம் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனில் டாக்டாக் என்கிற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பழைய வலைப்பக்கங்கள் வழியாக இதே முறையில் நுழைந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்தார்கள். அங்கே தகவல் ஆணையர் போட்ட அபராதம் 4 லட்சம் பவுண்டு. அந்தப் பக்கங்கள் டாக்டாக் எழுதியவையே இல்லை. வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்தவை, இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் கிடந்தவை. உங்கள் நூலக ஸ்கிரிப்டும் அப்படித்தானே, யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனது.

ஜனவரி 11

மேற்கோளுக்கு முன்னால் சாய்கோடு சேர்க்கிற ஆட்ஸ்லாஷஸ் ஃபங்ஷன் போட்டால் போதாதா என்று கேட்பவருக்கு: போதாது. ஒரு காலத்தில் பிஎச்பியே மேஜிக் கோட்ஸ் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, வருகிற எல்லாவற்றிலும் தானாகச் சாய்கோட்டைச் செருகிவிடும். பழைய தமிழ்த் தளங்களில் மேற்கோளுக்கு மேற்கோள் முன்னால் ஒன்று, மூன்று, ஏழு என்று சாய்கோடு குட்டி போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் புண்ணியம் இதுதான். 2012-இல் 5.4-உடன் தூக்கிவிட்டார்கள்.

முறையாக எஸ்கேப் செய்கிற ஃபங்ஷனும் மேற்கோளுக்குள் இருக்கிற சரத்துக்கு மட்டும்தான் காவல். உங்கள் நீக்கும் பக்கத்தில் புத்தக எண் மேற்கோள் இல்லாமல் வருகிறது. முகவரிப் பட்டையில் 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் ‘5 ஆர் 1=1’ (5 அல்லது 1=1) என்று அடித்தால் அதில் எஸ்கேப் செய்ய ஒரு குறிகூட இல்லை, நிபந்தனை எல்லா வரிக்கும் உண்மையாகிவிடும், மொத்தப் பட்டியலும் போய்விடும்.

ஆகவே ஒட்டாதீர்கள். க்வெரியில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு ப்ரிபேர் செய்யுங்கள். மதிப்பைத் தனியாக எக்ஸிக்யூட்டில் கொடுங்கள். டேட்டாபேஸ் முதலில் கேள்வியைப் படித்துப் புரிந்துகொண்டுவிடுகிறது. அப்புறம் வருகிற மதிப்பில் என்ன இருந்தாலும் அது வெறும் மதிப்புதான், கட்டளை ஆக முடியாது. குரூஸ் குரூஸாகவே போய் உட்காரும்.

ஜனவரி 12

“எல்லா இடத்திலும் கேள்விக்குறி போட்டேன், வரிசைப்படுத்துவது மட்டும் வேலை செய்யவில்லை” என்று வந்திருக்கிறது. செய்யாது. கேள்விக்குறி மதிப்புக்கு மட்டும்தான் நிற்கும், ஃபீல்டு பெயருக்கோ டேபிள் பெயருக்கோ நிற்காது. ஆர்டர் பை-க்குப் பின்னால் கேள்விக்குறி வைத்து ‘தலைப்பு’ என்று கொடுத்தால், எல்லா வரிக்கும் பொதுவான ‘தலைப்பு’ என்கிற ஒரே சொல்லை வைத்து வரிசைப்படுத்தச் சொல்வதாக ஆகிறது. எரர்கூட வராது, வரிசையும் மாறாது. அனுமதிக்கிற ஃபீல்டு பெயர்களை ஸ்கிரிப்டிலேயே ஒரு அரேயில் வைத்துக்கொண்டு, வந்த பெயர் அதில் இருந்தால் மட்டும் ஒட்டுங்கள். ஒட்டலாம் என்று நான் சொல்கிற ஒரே இடம் இது.

சொல்லின் பகுதியைத் தேடும் லைக்-க்கு விழுக்காட்டுக் குறிகளைக் க்வெரியில் வைக்காமல் மதிப்போடு சேர்த்துக் கொடுங்கள். பல மதிப்புகளில் ஒன்றா என்று பார்க்கும் இன்-க்கு எத்தனை மதிப்போ அத்தனை கேள்விக்குறி எழுதியாக வேண்டும், ஒரே கேள்விக்குறிக்குள் அரே போகாது.

ஜனவரி 14

எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் லிமிட்டில் 10 என்று கொடுத்தால் சிண்டாக்ஸ் எரர் வருகிறது என்று ஒருவர் எழுதியதும்தான், 11-ஆம் தேதி எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு தேவை என்று தோன்றியது. கேள்வியும் மதிப்பும் தனித்தனியாகப் போகின்றன என்றேன். மைஎஸ்கியூஎல்-உடன் பேசும்போது பிடிஓ இயல்பாக அப்படிச் செய்வதில்லை! ப்ரிபேர் செய்வதுபோல் பாவனை காட்டிவிட்டு, தானே மதிப்பை எஸ்கேப் செய்து, மேற்கோள் போட்டு, க்வெரியில் ஒட்டி, ஒரே சரமாகத்தான் அனுப்புகிறது. எமுலேட் ப்ரிபேர்ஸ் என்பது இதுதான். எக்ஸிக்யூட்டில் அரேயாகக் கொடுத்தால் எல்லாம் சரம் என்றே எடுத்துக்கொள்வதால், லிமிட்டுக்குப் பின்னால் மேற்கோளோடு 10 போய் நிற்கிறது, டேட்டாபேஸ் திட்டுகிறது.

எமுலேட் ப்ரிபேர்ஸை ஃபால்ஸ் என்று வையுங்கள். அப்போதுதான் நான் சொன்னது உண்மையாகும். பாவனையில் ஓடினாலும் கேரக்டர் செட்டை (எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையை) கனெக்ஷன் சரத்திலேயே சரியாகக் கொடுத்திருந்தால் ஆபத்தில்லை. ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது: பாவனை முறையில் ஒரே அழைப்பில் அரைப்புள்ளி போட்டு இரண்டு மூன்று கட்டளைகளை ஓட்ட முடியும். பழைய மைஎஸ்கியூஎல்_க்வெரி ஒரு கட்டளைக்கு மேல் ஓட்டாது. இன்ஜெக்ஷன் என்றாலே எல்லாரும் சொல்கிற ‘அரைப்புள்ளி, ட்ராப் டேபிள்’ வித்தை அதில் பலிக்காது. புதியது என்று நம்பி பிடிஓ-வுக்கு மாறிவிட்டு ஒட்டு வேலையை மட்டும் விடாதவர்களுக்கு அது பலிக்கும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜனவரி 17

ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஆனால் தமிழ் முழுக்கப் பூச்சி பூச்சியாக வருகிறது என்கிறீர்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், திரும்பத் திரும்ப. தமிழ்த் தளங்களில் வேலை செய்த எல்லாருக்கும் இந்த ஜோடி பழக்கம். யுடிஎஃப்-8 என்கிற யூனிகோடு முறையில் அன்றாடத் தமிழின் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். அந்த ஈ0-வையும் ஏஈ-யையும் ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய லத்தீன்1 முறை என்று படித்தால் வருவதுதான் அந்தச் சாய்கோட்டு ஏ-யும் வட்டத்து ஆர்-உம்.

பழைய ஸ்கிரிப்ட் லத்தீன்1 கனெக்ஷனில் லத்தீன்1 டேபிளுக்குள் தமிழ் பைட்டுகளை அப்படியே தள்ளியிருக்கிறது, அப்படியே எடுத்தும் கொடுத்திருக்கிறது. டேட்டாபேஸுக்கு அது தமிழ் என்றே தெரியாது. பிரவுசருக்கு மட்டும் தெரியும். இப்போது நீங்கள் கனெக்ஷனை யுடிஎஃப்8எம்பி4 என்று சரியாக வைத்ததும், டேட்டாபேஸ் பொறுப்பாக ஒவ்வொரு லத்தீன் எழுத்தையும் யுடிஎஃப்-8-ஆக மாற்றிக் கொடுக்கிறது. சரியாகச் செய்ததால் வந்த வினை.

கனெக்ஷனைத் திரும்ப லத்தீன்1 ஆக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். திரையில் சரியாகிவிடும். குப்பை உள்ளேயே இருக்கும். முதலில் பேக்கப் எடுங்கள். அப்புறம் அந்த ஃபீல்டைப் பைனரி வகைக்கு மாற்றுங்கள், அதன்பின் யுடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட்டாக மாற்றுங்கள். நடுவில் பைனரி வருவதால் பைட்டுகளை அது தொடாது, பெயர்ப் பலகை மட்டும் மாறும். நேராக லத்தீன்1-இலிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்குக் கன்வர்ட் கொடுத்தால் பூச்சி நிரந்தரமாகிவிடும்.

எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய ஹெக்ஸ் ஃபங்ஷன் போட்டு பைட்டுகளைப் பாருங்கள். ‘த’-வில் தொடங்கும் ஒரு தலைப்பு ஈ0ஏஈஏ4 என்று தொடங்கினால் பைட் நல்ல நிலையில் இருக்கிறது. சி3ஏ0சி2ஏஈ என்று தொடங்கினால் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றப்பட்டுவிட்டது, அதற்கு வைத்தியம் வேறு. அப்படி இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 18

யுடிஎஃப்8 போதாதா, எம்பி4 எதற்கு? மைஎஸ்கியூஎல்-இன் பழைய யுடிஎஃப்8 மூன்று பைட்டோடு நின்றுவிடும். அன்றாடத் தமிழுக்குப் போதும். எமோஜி நான்கு பைட். ஸ்ட்ரிக்ட் மோட் (தவறான மதிப்பை ஏற்க மறுக்கும் முறை) இல்லாத பழைய சர்வரில் வாசகர் ஒருவர் கருத்தின் நடுவில் சிரிப்பு முகம் போட்டால், அந்த இடத்தோடு கருத்து வெட்டுப்பட்டுப் பதிவாகும். தணிக்கை செய்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழிலும் நான்கு பைட் உண்டு. மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளை 2019-இல் யூனிகோடு 12-இல் தமிழ்த் துணைத் தொகுதியாகச் சேர்த்தார்கள். அவை எல்லாம் நான்கு பைட்தான். பழைய கணக்கு நூல் எதையாவது உங்கள் நூலகம் பட்டியல் போட்டால் தேவைப்படும்.

ஜனவரி 18, இன்னும் ஒன்று

எம்பி4-க்கு மாறும்போது எழுத்து ஃபீல்டின் (வார்கேர்) நீளத்தை 191 என்று வைக்கச் சொல்கிறார்களே, அது என்ன கணக்கு என்று கேட்டவருக்கு: மைஎஸ்கியூஎல் தகவலைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி-யின் பழைய பதிப்பில் இண்டெக்ஸுக்கு 767 பைட் வரம்பு. எழுத்துக்கு நான்கு பைட் என்று வகுத்தால் 191. வேறு மர்மம் இல்லை. மைஎஸ்கியூஎல் 5.7-இலிருந்து இயல்பாகவே 3072 பைட், மறந்துவிடலாம்.

ஜனவரி 20

தலைப்பு வரிசை தப்பாக வருகிறது என்று நூலகர் சொன்னாராம். அவர் சொன்னது சரிதான். குறியீட்டு எண்படி பைனரியாக அடுக்கினால் ‘ன’ போய் ‘ந’-வுக்கு அடுத்து, ‘ப’-வுக்கு முன்னால் நின்றுகொள்ளும். ‘ற’, ‘ர’-வுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ‘வ’ எங்கேயோ ‘ழ’-வுக்குப் பின்னால். ‘ச’-வுக்கும் ‘ஞ’-வுக்கும் நடுவில் ‘ஜ’. மெய்யெழுத்து முன்னால் வர வேண்டிய இடத்தில் புள்ளியில்லாத எழுத்து முன்னால் வரும். உங்கள் டேபிளில் எந்தக் கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) இருக்கிறது என்று பாருங்கள், ‘பின்’ என்று முடிந்தால் இதுதான் காரணம். எந்தக் கொலேஷன் நூலகருக்குத் திருப்தி தரும் என்பதை, அவர் தருகிற இருபது முப்பது சொற்களை ஒரு தற்காலிக டேபிளில் போட்டு அடுக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன், பெயரை நம்பி இல்லை.

இதோடு சேர்ந்த தலைவலி ஒன்று. ‘கோ’ என்பதை ‘க’-வோடு ஓகாரக் குறி ஒன்றாகவும் அடிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் ஒன்றுபோல இருக்கும், பைட் கணக்கில் வேறு. ‘கோயில்’ என்று தேடினால் பாதிப் புத்தகங்கள் வராமல் போவதற்கு இது காரணமாக இருக்கலாம். உள்ளே போகும் முன்னும் தேடும் முன்னும் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைசரில் ஒரு முறை விட்டு எடுங்கள்.

நீளத்தையும் கவனியுங்கள். ‘தமிழ்’ என்பதற்கு பைட்டை எண்ணும் ஸ்டர்லென் 15 என்று சொல்லும், எம்பி_ஸ்டர்லென் 5 என்று சொல்லும், கிராஃபீம்_ஸ்டர்லென் நம்மைப்போல 3 என்று சொல்லும். வார்கேர் எண்ணுவது அந்த ஐந்தை.

ஜனவரி 25

10-ஆம் தேதி அட் குறி பற்றிச் சொன்னேன். இந்த ஸ்கிரிப்டிலும் இருக்கிறது, சில இடத்தில் தவறு வந்தால் அங்கேயே நிறுத்துகிற ‘ஆர் டை’ வேறு. இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிஎச்பி 8.0-இலிருந்து பிடிஓ-வும் 8.1-இலிருந்து ‘ஐ’-யும் தவறு நடந்தால் இயல்பாகவே எக்ஸெப்ஷன் வீசுகின்றன. முன்பு ஃபால்ஸ் திரும்பி வரும், நாம் இஃப் போட்டுப் பார்ப்போம். அந்த இஃப்-க்கு இப்போது வேலையே வராது, அதற்கு முந்தைய வரியிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். நிற்கட்டும். நின்றதை லாகில் எழுதுங்கள், திரையில் ‘தடங்கல், பிறகு வாருங்கள்’ என்று மட்டும் காட்டுங்கள். டேபிள் பெயரோடு முழு எரரையும் திரையில் காட்டுவது வீட்டு வரைபடத்தை வாசலில் ஒட்டுவதுபோல.

பிப்ரவரி 2

பட்டியல் பக்கம் மெதுவாக இருக்கிறதாம். பார்த்தேன். புத்தகங்களை ஒரு க்வெரியில் எடுத்துவிட்டு, லூப்புக்குள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயரைக் கேட்டு ஒரு க்வெரி, இரவலில் இருக்கிறதா என்று கேட்டு இன்னொன்று. நூறு புத்தகம் என்றால் இருநூற்று ஒன்று. ஒவ்வொன்றும் வேகமாகத்தான் ஓடுகிறது, போய் வருகிற நேரம்தான் சேருகிறது. ஜாயின் போட்டு ஒன்றாக்குங்கள். ப்ரிபேர் செய்ததை லூப்புக்கு வெளியே வைத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் அது வைத்தியம் இல்லை.

தேடல் பக்கம் வேறு கதை. சொல்லுக்கு முன்னாலும் விழுக்காட்டுக் குறி இருப்பதால் லைக்-ஆல் இண்டெக்ஸைத் தொட முடியாது. சில ஆயிரம் புத்தகங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, இருக்கட்டும். ஜாயின் போட்ட பிறகும் மெதுவாக இருந்தால் அந்தக் க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் போட்டு ஓட்டி, வருகிற அட்டவணையில் ‘டைப்’ என்ற இடத்தில் ‘ஆல்’ என்று எந்த டேபிளுக்கு வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். இரவல் டேபிளாகத்தான் இருக்கும் என்பது என் யூகம், அதில் புத்தக எண்ணுக்கு இண்டெக்ஸே போடவில்லை அந்த மனிதர்.